கதைப்போக்கு வகை, பாத்திர வார்ப்பு என்றால் என்ன?

கதைப்போக்கு வகை என்பது சம்பவங்கள் நகரும் தடம்: தேடிப் புறப்படுதல், ஏழை உயர்தல், அரக்கனை வெல்லுதல், போய்த் திரும்புதல். அந்தத் தடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஆள்தான் பாத்திர வார்ப்பு: நாயகன், வில்லன், வழிகாட்டி.

பினாங்குத் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும், அப்புறம் திரும்பி வரும். தடம் அதேதான். ஆனால் ரதத்துக்கு முன் தேங்காய் உடைத்துவிட்டு, ஈரத் தார்ச்சாலையில் சில்லுகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடுகிறவரின் வேண்டுதல் ஆண்டுக்கு ஆண்டு வேறு. தண்ணீர்ப் பந்தலில் மோர் நீட்டும் கையும் மாறும். கொடுப்பவர் என்ற இடம் மாறாது.

சரி, தூரத்து நாட்டுக் கதைகளும் ஏன் ஒத்துப்போகின்றன? பயம், இழப்பு, வீடு திரும்பும் ஏக்கம் எல்லாருக்கும் பொது. 1928-இல் நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதிமிர் பிராப் ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து 31 செயல்கள், 7 பாத்திர வகைகள் என்று பிரித்தார். அந்த ஏழில் ஒருவர் ‘கொடையாளர்’, நாயகனுக்கு வேண்டியதை வழியில் தருபவர். நம் மோர்ப் பந்தல்காரரேதான்!

பலர் வார்ப்பைத் தேய்ந்துபோன பாத்திரம் என்று நினைக்கிறார்கள். வழிகாட்டி தாடி வைத்த முனிவராகத்தான் வரவேண்டும் என்றில்லை, லிட்டில் இந்தியா பூக்கடை அக்காவாகவும் வரலாம்.