பழைய தலப்படங்களை வைத்து ஓர் ஊரின் வரலாற்றை எப்படித் தேடுவது?

கேள்வி கேட்டவர் தம் ஊரின் பழைய 'டோப்போ ஷீட்' (நில அளவைத் துறை அச்சிடும் தலப்படத் தாள்) ஒன்று கைக்குக் கிடைத்திருப்பதாகவும், அதில் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். என் பதில்: ஏரிக்கரைகளிலிருந்து தொடங்குங்கள். கோயில், கோட்டை, பழைய பங்களா எல்லாம் பிறகு.

மலை நாட்டுப் படம் என்றால், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நம் சமவெளி ஊர்களில் அந்தக் கோடுகள் மிக அபூர்வமாகவே வரும். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய அளவையில் வந்த தாள்களில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே பொதுவாக ஐம்பது அடி உயர வித்தியாசம். சென்னை போன்ற இடத்தில் அது எதையும் காட்டாது. நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அங்கே ஏரிதான் சொல்லும். கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தாழ்வு; நீர் வந்து சேரும் மேட்டுப் பக்கத்தில் கரை இருக்காது. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் கரையின் மேல் ஓர் எண்ணும் பக்கத்தில் 'ஆர்' என்ற சிறிய ஆங்கில எழுத்தும் இருக்கும். அது சுற்றியுள்ள தரையைவிடக் கரை எவ்வளவு உயரம் என்பதைக் குறிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம் என்று பலர் அதைத் தவறாகப் படிக்கிறார்கள். கரை, மதகு, கலிங்கு (மிகுநீர் வழியும் இடம்), அதிலிருந்து அடுத்த ஏரிக்கு ஓடும் வாய்க்கால் என்று பென்சிலால் ஒரு முறை தொடர்ந்து போய்ப் பாருங்கள். குடியிருப்பு ஏன் அந்த இடத்தில் அமைந்தது, வயல் ஏன் இந்தப் பக்கம் மட்டும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும்.

நான் நன்றாக அறிந்த ஓர் எடுத்துக்காட்டு சென்னையின் தியாகராய நகர். அந்தப் பகுதியை 1920களுக்கு முன் அளந்த எந்தப் படத்திலும் தி. நகர் கிடையாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து நீண்ட ஒரு நீர்ப்பரப்பு இருக்கும். வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி. இரண்டும் சேர்ந்து ஆங்கிலேயர் படங்களில் 'லாங் டேங்க்' (நீண்ட ஏரி). மாம்பலம் அதற்கு மேற்கே ஒரு சிற்றூர். மயிலாப்பூர் எங்கே, இந்த ஏரி எங்கே, எதற்கு அந்தப் பெயர் என்று முதலில் எனக்கும் தோன்றியது. தரை கிழக்கே கடலை நோக்கிச் சாய்வதைக் கவனித்தால் புரியும்: மேற்கே தேக்கிய நீர் கிழக்கே இருந்த நிலங்களுக்குப் பாய வேண்டும். ஏரியின் பெயர் அது பயன்பட்ட ஊரின் பெயராக இருப்பது இயல்புதானே.

1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் அரசர் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது, 1923 முதல் 1925 வரையிலான காலத்தில், ஏரியின் தென்பகுதியைத் தூர்த்துப் புதுக்குடியிருப்பு அமைத்தார்கள். அதுவே தியாகராய நகர். நடுவில் பனகல் பூங்கா. வடக்கே மிஞ்சிய பகுதி இன்னும் சில பத்தாண்டுகள் ஏரியாகவே இருந்தது. பிறகு அதுவும் மனைகளானது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்த ஏரிப்படுகையில்தான் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' (ஏரிக்கரைச் சாலை) இன்றும் இருக்கிறது, அருகிலேயே 'லேக் ஏரியா' என்ற குடியிருப்பும். அங்கே ஏரியைத் தேடினால் கிடைக்காது; பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் கிடைக்கும்.

இதை வெறும் பழங்கதையாக நான் பார்க்கவில்லை. வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கித் தி. நகர் வழியாக அடையாற்றுக்குப் போகும் மாம்பலம் கால்வாயைப் படத்தின் மேல் வரைந்து பாருங்கள். பழைய ஏரி இருந்த இடத்தின் ஊடாகவே அது போகிறது. 2021 நவம்பர் மழையில் தி. நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது "இங்கே ஏன் இப்படி" என்று பலர் வியந்தார்கள். கால்வாய் அடைப்பு ஒரு காரணம். ஆனால் தண்ணீர் அங்கே வந்து சேர்வதற்கான காரணம் நூறாண்டுக்கு முந்தைய தாளில் நீல நிறத்தில் அச்சாகி இருக்கிறது. வீட்டுமனை வாங்கும் எவரும் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதற்கு முன் இந்தத் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, தாளின் ஓரங்களைப் படியுங்கள். அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. 1940களில் அச்சான தாள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பு அளந்த நிலத்தைக் காட்டலாம். சாலையும் ரயில் பாதையும் மட்டும் பிறகு திருத்தப்பட்டிருக்கலாம். மதுரை - போடிநாயக்கனூர் ரயில் பாதை இதைச் சோதிக்க ஏற்றது. 1928-இல் திறந்தார்கள், இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள், 1950களில் மறுபடியும் போட்டார்கள். ஆகவே அந்தப் பாதை ஒரு தாளில் இல்லையென்றால், அது 1928-க்கு முந்தையதா, போர்க்காலத்தியதா என்று ஓரக்குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

முக்கோணக் குறிகளையும் விட்டுவிடாதீர்கள். அவை நில அளவையின் முக்கோண நிலையங்கள், அதாவது நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கக் கருவியை வைத்த இடங்கள். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (மற்ற அளவைகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோடு) அளந்து, வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி தொடங்கிய பெரும் பணியின் வழியில் வந்தவை. குன்று இல்லாத காவிரிச் சமவெளியில் அவர் கோயில் கோபுரங்களையே நிலையங்களாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு நழுவி, கருவி மோதிச் சிதைந்தது. அதை அவர் தம் கையாலேயே பழுது பார்த்தார். உங்கள் ஊர்க் கோபுரத்தின் மேல் முக்கோணம் இருந்தால் அங்கேயும் யாரோ ஏறி நின்று அளந்திருக்கிறார்கள்.

தாளின் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் நான்கு பாகை கொண்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதை ஒரு பாகைக் கட்டங்களாகப் பதினாறாகப் பிரித்து ஆங்கில எழுத்து. அதையும் பதினாறாகப் பிரித்து மீண்டும் எண். எல்லாம் வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாகப் போகும். தி. நகர் உள்ளிட்ட சென்னையின் ஒரு பகுதி 66 சி/4-இல் வரும். மதுரை 58 கே/1-இல். இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் 1:50,000 அளவையிலான இக்காலத் தாள்கள் கிடைக்கின்றன. ஒப்பிட அவை போதும். பழையவற்றில், அமெரிக்க ராணுவம் 1950களில் வெளியிட்ட 1:2,50,000 தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. தெரு அளவுக்கு அவை உதவா. ஏரி, ரயில் பாதை, பெரிய சாலை பார்க்கலாம்.

க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தலாம். பொருத்தும் புள்ளிகளாகத் தெப்பக்குள மூலைகள், ரயில் பாலங்கள் போன்றவற்றை எடுங்கள். சாலைச் சந்திப்புகளை நம்ப வேண்டாம்; அவை நகர்ந்திருக்கும். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தை (பூமியின் வடிவத்துக்கு அன்று எடுத்துக்கொண்ட கணித மாதிரி; இன்றைய செயற்கைக்கோள் படங்களின் மாதிரி வேறு) அடிப்படையாகக் கொண்டவை என்பதால், ஓரத்தில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கொடுத்தால் படம் கணிசமாக விலகி உட்காரும்.

இந்தத் தாள்கள் யார் நிலம், எந்தத் தெருவில் யார் குடியிருந்தார்கள் என்பதைச் சொல்லமாட்டா. அதற்கு வருவாய்த் துறையின் கிராம வரைபடமும், ஒவ்வொரு புல எண்ணுக்கும் (சர்வே எண்) நில விவரம் எழுதிய 'அ' பதிவேடும் வேண்டும். பழைய சென்னை மாகாணத்துக் கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவையில் வரைந்தவை. ஒவ்வொரு புல எண்ணும் தனித்தனியே தெரியும். டோப்போ ஷீட்டில் கண்ட வாய்க்காலின் புல எண்ணைக் கிராம வரைபடத்தில் பிடித்து, பதிவேட்டில் அதற்கு நேரே 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வாய்க்கால் இன்று என்னவாக இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. போகும்போது படத்தின் நகல் ஒன்றைக் கொண்டு போய், அந்தப் பக்கத்தில் வயல் பார்த்த பெரியவர்களிடம் விரித்துக் காட்டுங்கள். மதகின் பெயர் முதற்கொண்டு சொல்வார்கள்.