கரடி விடுகிறேனா?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மோஹேர் கரடிப் பொம்மைகளின் படங்களைப் பார்த்தேன். ஆட்டு முடியில் கரடி செய்வதாக எழுதியிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, "அக்கா நல்லா கரடி விடுதாவ" என்று சிரித்தார். ஆட்டு முடிதான் என்றால் எங்கள் தெருவில் நிற்கிற வெள்ளாட்டு முடி ஆகாதா? இன்னொன்று, மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்குக் கரடி என்றால் கறுப்பு. உங்களுடையது எல்லாம் பொன்னிறம். நம்மூர்க் கரடியைச் செய்ய முடியாதா?

ஒரு வாசகி, கடையம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், இந்த விஷயத்தில் நான் கரடி விடவில்லை. மோஹேர் என்பது அங்கோரா ஆட்டின் முடி. துருக்கியின் அங்காரா பக்கத்து ஆடு அது. இப்போது அதிகம் வருவது தென்னாப்பிரிக்காவிலிருந்து. வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரிப்பார்கள். நீளமான முடி, பட்டு போல மினுங்கும். நம் பக்கத்துக் கன்னி வகை வெள்ளாட்டுக்கு முடி குட்டை, நூற்க வராது. மோஹேர்த் துணி, பருத்தி அடித்துணியில் முடி எழுந்து நிற்கும்படி, வெல்வெட் மாதிரி நெய்து வரும்.

அதை வெட்டுவதில்தான் நான் முதலில் கோட்டைவிட்டேன். ஜாக்கெட் துணி மாதிரி நினைத்துப் பெரிய கத்தரியால் சரசரவென்று வெட்டினேன். தைத்துப் பார்த்தால், தலையில் யாரோ வகிடு எடுத்ததுபோலத் தையல் நெடுகப் பளிச்சென்று தெரிகிறது. துணியைப் பின்பக்கம் திருப்பி, சின்னக் கத்தரியின் நுனியை மட்டும் கொடுத்து, முடியில் படாமல் அடித்துணியை நறுக்க வேண்டும். தைத்த பிறகு, தையலில் மாட்டிய முடியை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போய்விடும்.

திணிப்பது அடுத்த கூத்து. பழைய ஜெர்மன் கரடிகளுக்குள் மரச்சுருள்தான் இருக்கும். நமக்கு அம்பாசமுத்திரம் இல்லையா என்று, சொப்பு கடையும் பட்டறையில் ஒரு சாக்குச் சுருள் வாங்கி வந்தேன். ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் கரடி உட்கார்ந்திருந்த தட்டில் மாவு உதிர்ந்திருக்கிறது. உளு! இலவம்பஞ்சு போட்டால் மூக்கு தொளதொளவென்று நிற்கிறது. இப்போது பாலியெஸ்டர் பஞ்சுதான். மூக்குக்கு மட்டும் குச்சியால் குத்திக் குத்தி இறுக்குவேன். வயிற்றுக்குக் கனம் வேண்டுமே, சைக்கிள் கடைப் பால்ரஸ் குண்டுகளைத் துணிப் பையில் கட்டி உள்ளே வைக்கிறேன்.

நிறத்துக்கு வருகிறேன். 1902 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனார். கூடப் போனவர்கள் பிடித்து மரத்தில் கட்டிவைத்த கரடியைச் சுடமாட்டேன் என்றுவிட்டார். கிளிஃபோர்ட் பெரிமேன் அதைக் கேலிச்சித்திரமாகப் போட, புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம் துணிக்கரடி செய்து, ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரான 'டெடி'யையே அதற்கு வைத்தார். அதே வருஷம் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்டைஃப் கைகால் அசையும் மோஹேர் கரடியை வடிவமைத்தார். வேடிக்கை என்னவென்றால், என் பொம்மைகள் பொன்னிறமானாலும், அன்றைக்கு மரத்தில் கட்டிக் கிடந்ததும் கருங்கரடிதான்.

நம்மூர்க் கரடியையும் செய்து பார்த்தேன். பழைய அளவிலேயே கறுப்புத் துணியை வெட்டினேன். பக்கத்து வீட்டுப் பொடியன் பார்த்துவிட்டு, "நாய்க்குட்டியா ஆச்சி?" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். முண்டந்துறைக் காட்டுக் கரடிக்கு மூஞ்சி நீளம், அதுவும் வெளுத்த மூஞ்சி. கீழுதடு தொங்கும். காது பெரிசு, அதிலும் சடை. நெஞ்சில் வெள்ளையாக ஒரு 'வி'. நகம் கறையான் புற்றைத் தோண்டுகிற நீள நகம். ஆகவே தலையின் நடுத்துண்டை நீட்டி, ஓர் அங்குல முடியுள்ள மோஹேர் எடுத்து, மூஞ்சியில் மட்டும் முடியைச் சிரைத்தேன். கண்ணைத் தைப்பதற்கு முன் குண்டூசி குத்தி இரண்டு நாள் விட்டுவைத்தேன். அரை விரல் தள்ளி வைத்தால் ஆளே மாறிவிடுகிறது. மூன்றாவது கரடிதான் கரடியாக வந்தது.

சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். கண்ணாடிக் கண், மூட்டுக்குள் இரும்புப் பின், அட்டை வட்டு எல்லாம் இருக்கிறது. இது அலமாரிக் கரடி. துணியில் அந்துப்பூச்சி விழாமல் இருக்கப் பக்கத்தில் வசம்பு போட்டு வைக்கிறேன்.

இப்போது தாய்க்கரடி ஒன்று கையில் இருக்கிறது. குட்டிகளை முதுகில் சுமக்கிற சாதி அது. இரண்டு குட்டி தைத்தாயிற்று, உட்கார வைக்கத்தான் தெரியவில்லை. தாய் நடந்து போகும்போது அவை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்? உங்கள் ஊரில் பார்த்தவர்களைக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா, பாளையங்கோட்டை