பந்தயச் சைக்கிளுக்குக் கார்பன் சக்கரம்: வாசகர் கேள்விகள்

கிராஸ் கன்ட்ரி மலைச் சைக்கிள் பந்தயம் பற்றி இந்தப் பகுதியில் எழுதத் தொடங்கியபின் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சக்கரத்தைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்து இந்த முறை விடை எழுதுகிறேன்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், எடை 62 கிலோ. 29 அங்குலச் சக்கரம் பூட்டிய அலுமினியச் சைக்கிளில் கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்குப் பயிற்சி செய்து வருகிறேன். இப்போதுள்ள சக்கர ஜோடியின் எடை 1,850 கிராம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமா அடுத்த விடுமுறைக்கு வரும்போது கார்பன் சக்கரம் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். 1,200 கிராமில் ஒன்றும் 1,350 கிராமில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கி வரச் சொல்லட்டும்?
— ஒரு மாணவர், திருவட்டாறு

பதில்: 1,350 கிராம் சக்கரத்தையே வாங்கி வரச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீங்களும் சைக்கிளும் தண்ணீர்க் குப்பியும் சேர்ந்து 76 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,850 கிராமிலிருந்து 1,350 கிராமுக்கு இறங்கினால் குறைவது அரைக் கிலோ. மொத்த எடையில் அது 0.66 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் ஒரே வலுவோடு மிதிப்பவருக்கு நேரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் குறையும் என்பதால், பத்து நிமிட ஏற்றத்தில் உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 4 நொடி. பந்தயத்தில் 4 நொடி சிறிதல்ல. அதற்காகச் செலவு செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1,200 கிராம் சக்கரம் அதற்கு மேல் தருவது அதே ஏற்றத்தில் ஒரு நொடியும் கொஞ்சமும்தான். அந்த ஒரு நொடிக்காக ரிம்மின் விளிம்பை மெலிதாக்கி, கம்பிகளின் எண்ணிக்கையையும் குறைத்த சக்கரத்தை நம் ஊர் நிலத்தில் ஓட்டுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்காகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் வேகம் கூட்டும்போது மட்டுமே உண்மை. ரிம்மிலும் டயரிலும் உள்ள ஒவ்வொரு கிராமும் முன்னோக்கி நகரவும் வேண்டும், சுற்றவும் வேண்டும் என்பதால், அதை வேகப்படுத்த ஏறக்குறைய இருமடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. ஒரே வேகத்தில் போகும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடும். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் குறைகிற கிராமுக்கு இந்த இரட்டிப்புப் பலன் கிடையாது, ஏனெனில் அது அச்சை ஒட்டியே சுற்றுகிறது. கிராஸ் கன்ட்ரி தடத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் தணிந்து மறுபடியும் எழ வேண்டியிருக்கிறது. ஆகவே ரிம்மில் குறைந்த எடையைக் கால் நன்றாகவே உணரும். ஜோடியின் மொத்த எடையைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், ரிம் ஒன்றின் எடை எவ்வளவு என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி நிலத்தைப் பாருங்கள். திருவட்டாறிலிருந்து பேச்சிப்பாறை வரை நீங்கள் பழகுகிற ரப்பர் தோட்டச் சரிவுகள் தட்டுத் தட்டாக வெட்டப்பட்டவை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையுமாக ஆண்டுக்கு இருமுறை மண் அரித்துப்போக, வேர்களும் செம்புரைக் கற்களின் கூர்விளிம்புகளும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. இங்கே ஒரு பஞ்சர், எடையால் மிச்சமான நொடிகளையெல்லாம் ஒரே இடத்தில் தின்றுவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக் பந்தயத்தின் நடுவே பஞ்சராகிச் சக்கரம் மாற்றினார்; அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியவர், கடைசிச் சுற்றில் முந்தித் தங்கம் வென்றார். அவர் அதற்கு முந்தைய ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற வீரர். மாற்றுச் சக்கரம் கொடுக்க அணியும் இருந்தது. நமக்கு அந்த இரண்டும் இல்லை. எனவே நம் சக்கரம் முதலில் பந்தயத்தை முடித்துக் கொடுக்கிற சக்கரமாக இருக்க வேண்டும்.

மாமாவிடம் சொல்ல வேண்டியவற்றைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர் கடையில் நின்று தடுமாறக் கூடாது. ரிம்மின் உள் அகலம் 28 முதல் 30 மி.மீ. வரை இருக்கட்டும், 2.3, 2.4 அங்குல டயருக்கு அதுவே பொருத்தம். சக்கரத்துக்கு 28 கம்பிகள் வேண்டும், 24 வேண்டாம். டயர் உட்காரும் விளிம்பு தடிப்பாக, மழுங்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் கல்லில் இடிபடும்போது மெல்லிய விளிம்பு கத்தியைப் போல டயரை வெட்டிவிடும். அச்சின் அளவு உங்கள் சைக்கிளுக்கு ஒத்துப்போகிறதா என்பதே எல்லாவற்றிலும் முக்கியம்: அண்மைக்கால மலைச் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் முன்னே 110 மி.மீ., பின்னே 148 மி.மீ.; சற்றுப் பழையவற்றில் 100, 142. இதில் தவறினால் சக்கரம் சைக்கிளில் ஏறவே ஏறாது. பிரேக் டிஸ்க்கை ஆறு திருகுகள் பிடிக்கின்றனவா, நடுவில் ஒரே பூட்டு பிடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹப்பைப் பற்றி ஒரு சொல். மிதிப்பதை நிறுத்தி மறுபடி மிதிக்கும்போது பின் ஹப் எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது என்பது, வேர் நிறைந்த ஏற்றத்தில் பெடலை அரைச்சுற்று அரைச்சுற்றாக மிதித்து ஏறும்போது தெரியும். ஹப்புக்குள் இருந்து பிடிக்கும் பல்வளையத்துக்கு ராட்செட் என்று பெயர். 36 பல் கொண்ட ராட்செட் 10 பாகைக்கு ஒருமுறை பிடிக்கும். 54 பல் கொண்டது 7 பாகைக்கும் குறைவில் பிடிக்கும். நான் இரண்டிலும் ஓட்டியிருக்கிறேன். 36 பல்லே போதும் என்பது என் கருத்து.

மாமா வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். இப்போதுள்ள அலுமினிய ரிம் ட்யூப்லெஸ்ஸுக்கு, அதாவது ட்யூப் இல்லாமல் டயரிலேயே காற்றடைப்பதற்கு, ஏற்றதாக இருந்தால், உள்ளே இருக்கும் ட்யூபைக் கழற்றிவிடுங்கள். 29 அங்குல ட்யூப் ஒன்று சுமார் 200 கிராம். அதற்குப் பதிலாகச் சேர்வது ரிம்மின் கம்பித் துளைகளை மூடும் டேப், வால்வு, பஞ்சர் துளையை உள்ளிருந்தே அடைக்கும் சீலண்ட் என்ற திரவம் 100 மில்லி அளவுக்கு. சக்கரத்துக்கு 80 கிராமையொட்டிக் குறையும், அதுவும் விளிம்பிலேயே குறையும். காற்றழுத்தத்தை முன்னே 19, பின்னே 21 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, உங்கள் தடத்துக்கேற்ப ஒவ்வொன்றாகக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் ஈர வேரின்மேல் டயர் வழுக்காமல் படிந்து ஏறுவதைப் பார்த்தபின், கார்பனைப் பற்றிய உங்கள் அவசரமே சற்றுத் தணியலாம்.

கேள்வி: பழைய கார்பன் சக்கர ஜோடி ஒன்று நல்ல விலைக்குக் கிடைக்கிறது. அதன் ஹப்பில் பல்சக்கரத் தொகுதி ஏறும் உருளை ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன் வகை. என் சைக்கிளில் இருப்பது ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள் 12 பல்சக்கரத் தொகுதி. பொருந்துமா?
— நாகர்கோவிலிலிருந்து ஒருவர்

பதில்: அப்படியே பொருந்தாது. என்எக்ஸ் ஈகிள் தொகுதி ஷிமானோவின் பழைய எச்ஜி வகை உருளையில்தான் ஏறும். அந்த ஹப்புக்கு எச்ஜி உருளை தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல ஹப்புகளில் உருளையை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். கிடைக்காவிட்டால் மைக்ரோ ஸ்ப்லைனுக்கான 12 பல்சக்கரத் தொகுதியைப் புதிதாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகும் விலை நல்ல விலைதானா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சைக்கிளில் இரும்பு எதுவும் நிலைப்பதில்லை. கார்பன் துருப்பிடிக்காது என்பதால் கார்பன் சக்கரமே எங்களுக்கு நல்லது என்று நண்பர் சொல்கிறார். சரியா?
— ஒரு வாசகி, முட்டம்

பதில்: கார்பன் துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தை அது அரிக்க வைக்கும். கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் மின்வேதி அரிப்பு உண்டாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். சக்கரத்தில் அப்படித் தொடும் இடம், கம்பியை ரிம்மோடு திருகிப் பிடிக்கும் நிப்பிள் என்ற சிறு மரை. எடை குறைக்க அலுமினிய நிப்பிள் போட்ட சக்கரங்கள் கடற்கரையில் சில காலம் ஓடியபின், கோட்டம் எடுக்கச் சாவியை வைத்துத் திருப்பினால் நிப்பிள் சுற்றாமல் உடைந்து கையோடு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் பித்தளை நிப்பிள் போட்டுத் தரும்படி கேட்டு வாங்குங்கள். 28 கம்பிக்கும் சேர்த்துச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 20 கிராம்தான் கூடும். கடற்கரை மணலில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதும் அவசியம். ஆனால் ஹப்பின் பேரிங்கை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள்.

கேள்வி: என் அப்பா ஃபைபர் வள்ளங்களுக்குப் பழுது பார்ப்பவர். வள்ளத்தில் விரிசல் விழுந்தால் துணியும் ரெசினும் வைத்து ஒட்டிச் சரியாக்கிவிடுவார். என் கார்பன் ரிம்மின் ஓரத்தில் கல் இடித்து நகக்கீறல் போல ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதையும் அப்படி ஒட்டலாம் என்கிறார். ஒட்டலாமா?
— ஒரு வாசகர், குளச்சல்

பதில்: அப்பாவின் கைத்திறனை நான் மதிக்கிறேன். அவர் பழகிய தொழிலுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: இழையை ரெசினில் தோய்த்து இறுக வைப்பது. ஆயினும் ரிம்மை ஒட்ட வேண்டாம் என்றே சொல்வேன். வள்ளத்தின் பக்கப்பலகையில் ஒட்டு தடித்துப் போனால் ஒன்றும் ஆகாது. ரிம்மின் ஓரத்திலோ டயர் உட்கார வேண்டிய இடம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் டயர் சரியாக அமராது. மேலும் ஒவ்வொரு கம்பியும் 100 கிலோவையொட்டிய விசையோடு ரிம்மை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது, உள்ளிருக்கும் காற்று ஓரத்தை வெளியே தள்ளுகிறது. ஒட்டிய இடம் இறக்கத்தில் விட்டுப்போனால் காயம் உங்களுக்குத்தான்.

அதே சமயம் உங்கள் கோடு மேற்பூச்சில் மட்டும் விழுந்த கீறலாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அப்பாவையே உட்கார வையுங்கள். சென்ற மழைக்காலத்தில் கீரிப்பாறைப் பக்கம் காற்றுக் குறைந்த டயரோடு நான் வேகமாக இறங்கி, பின் ரிம்மை ஒரு கல்விளிம்பில் இடித்தேன். வீட்டுக்கு வந்து டயரைக் கழற்றிப் பார்த்தபோது கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் ரிம்மை ஒவ்வொரு விரற்கடையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் ‘டிக், டிக்’ என்று கூர்மையாகக் கேட்ட ஓசை, வால்வுக்குச் சற்றுத் தள்ளி இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ‘பொத், பொத்’ என்று அமுங்கிக் கேட்டது. உள்ளே இழை அடுக்குகள் விட்டுப் பிரிந்திருந்தன. வள்ளத்தை விரல் முட்டியால் தட்டிப் பழுது கண்டுபிடிப்பவருக்கு இந்த ஓசை வேறுபாடு என்னைவிட நன்றாகவே பிடிபடும். ஓசை எங்கும் ஒரே மாதிரி இருந்து, கட்டைவிரலால் அழுத்தும்போது கோடு விரியாமலும் இருந்தால் ஓட்டலாம். வாரம் ஒருமுறை அந்த இடத்தைத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசை அமுங்கினால் அந்த ரிம்மைக் கழித்துவிடுங்கள். ஹப்பையும் கம்பிகளையும் சோதித்துவிட்டு, அதே அளவுள்ள புதிய ரிம்மில் கட்டிக்கொள்ளலாம். விபத்தில் உடைந்த ரிம்முக்குச் சலுகை விலையில் மாற்று தரும் நிறுவனங்களும் உண்டு. வாங்கிய இரசீதை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலண்ட் ரப்பர் பாலில்தான் செய்யப்படுகிறது என்று படித்தேன். எங்கள் தோட்டத்தில் தினமும் பால்வெட்டு நடக்கிறது. சிரட்டையில் வடிகிற பாலையே வடிகட்டி ஊற்றினால் என்ன?
— ஒரு விவசாயி, குலசேகரம்

பதில்: சீலண்டுகள் பலவற்றின் அடிப்படை ரப்பர் பால்தான். ஆனால் அந்தப் பால் மாதக்கணக்கில் உறையாமல் இருக்கவும், துளை விழுந்த இடத்தில் மட்டும் உடனே உறையவும் வேண்டும். தோட்டத்துப் பால் அன்றன்றைக்கே கட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டயருக்குள் அது ஒரே கட்டியாகத் திரண்டு, சக்கரத்தை ஒரு பக்கம் கனக்க வைத்துவிடும். உறையாமலிருக்கத் தோட்டத்தில் சேர்க்கும் அமோனியாவைச் சேர்க்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம்: அது அலுமினியத்தை அரிக்கும், பித்தளையில் விரிசலை உண்டாக்கும். டேப் ஓரிடத்தில் கசிந்தால் போதும், முட்டம் வாசகிக்கு நான் சொன்ன பித்தளை நிப்பிளும் அதற்குத் தப்பாது. கடையில் விற்கும் சீலண்டில் உறைதலைத் தாமதப்படுத்தும் திரவமும், துளையை அடைக்கும் நுண்துகள்களும் அளவோடு கலந்திருக்கின்றன. அதிலும் அமோனியா இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

நம் வெயிலில் அதுவும் இரண்டு மூன்று மாதத்தில் வற்றிவிடுகிறது. வால்வு கீழே வரும்படி சக்கரத்தை நிறுத்தி, காற்றை இறக்கி, வால்வின் உள்பகுதியைத் திருகி எடுத்துவிட்டு, ஓர் ஈர்க்குச்சியை உள்ளே விட்டுப் பாருங்கள். நுனி ஈரமில்லாமல் வந்தால் 60 மில்லி ஊற்றுங்கள்.