குடிக்கிற பிள்ளைக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்

என் மகன் குடியை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கு அவனால் போக ஆரம்பித்து இன்றைக்கும் போகிற ஒரு அம்மா. நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மகனுக்கு 29 வயது. தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியையே வெறுத்துவிடுவான் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. ரசத்தில் கலந்து கொடுத்தவள் நான். டம்ளர் அடியில் தூள் தங்கியிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டான், அதற்கப்புறம் நாலு மாதம் என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால்தான் டாக்டர்கள் பரிசோதித்து, விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கிக் கொடுக்கிறார்கள். பெயர் போடாத பொடியில் அது இருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? அவனுக்கும் தெரியாது, வழக்கம்போல ஒரு குவார்ட்டரை முழுசாகக் குடிப்பான்.

கேள்வி: சபரிமலைக்கு மாலை போடுகிற அன்றே நிறுத்திவிடுகிறேன் என்கிறான்.

பதில்: நல்ல விஷயம். ஆனால் தினமும் குடிப்பவன் என்றால் முதலில் டாக்டர், அப்புறம் மாலை. பல வருடம் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு 2, 3 நாள் கழித்து இல்லாத ஆள் தெரியும், புத்தி தடுமாறும். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள், அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். எவ்வளவு குடிப்பான் என்பதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சரியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்யாணம் பண்ணி வைத்தால் பொறுப்பு வரும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

பதில்: மறைத்துக் கட்டி வைத்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் போகும். வேண்டாம்.

கேள்வி: பணம் தராவிட்டால் மருந்தைக் குடித்துச் செத்துவிடுவேன் என்கிறான். பயந்து கொடுத்துவிடுகிறேன், ஊரெல்லாம் கடன் வேறு.

பதில்: சும்மா மிரட்டுகிறான் என்று விட்டுவிடாதீர்கள் அய்யா, குடிக்கப் பணமும் கொடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், அவனைத் தனியே விடாமல் பக்கத்தில் உட்காருங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ் என்று பெயர், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கடன் விஷயத்தில், நான் 2 முறை சங்கிலியை அடகு வைத்து அவனுக்குத் தெரியாமல் அடைத்தேன், மூன்றாவது இன்னும் பெரிதாக வந்தது. அப்புறம்தான் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: சாப்பாடு உண்டு, வைத்தியச் செலவு உண்டு, கடனை இனிக் கட்ட மாட்டேன்.

கேள்வி: வைத்தியத்துக்கு வரவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது?

பதில்: நீங்கள் முதலில் போங்கள். போதை மீட்புக்கான இலவச எண் 14446. சென்னை இந்திரா நகரில் போதை மீட்புக்கான டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை உண்டு. அவனிடம் பேசுவதென்றால் காலையில், குடிக்காத நேரத்தில் பேசுங்கள், நேற்று ராத்திரி நடந்ததை மட்டும் சொல்லுங்கள், பழைய கணக்கை எடுக்காதீர்கள். எழுந்து போய்விடுவான், என் மகனும் போனான், மறுநாள் காலை மறுபடி போய் உட்கார்ந்தேன். ஒருநாள் சரி என்பான், அன்றைக்கே கூட்டிப் போகிற மாதிரி இடத்தை இப்போதே விசாரித்து வையுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால் மனசு மாறிவிடும்.