தெரிந்த பொடியனுக்கு நற்சான்றுக் கடிதம்: என்ன எழுதினால் எடுபடும்?

தெரிந்த ஒரு தம்பி வேலைக்கு விண்ணப்பிக்க நற்சான்றுக் கடிதம் கேட்கிறார், எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் களுவாஞ்சிகுடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். கடையில் நின்ற பொடியன்மாருக்கு ஐந்தாறு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜீ.எஸ். (கிராம சேவகர்) தருகிற நற்சான்றிதழ் வேறு, இது வேறு. அது பிரதேச செயலாளரின் ஒப்பத்தோடு வரும் படிவம். ஆள் எப்படிப்பட்டவர் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

மண்டூர்ப் பொடியன் ஒருவன் மூன்று வருடம் என்னிடம் நின்றான். கொழும்பில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை ஒன்றுக்குப் போட்டான். "நேர்மையானவர், கடின உழைப்பாளி, எல்லோருடனும் அன்பாகப் பழகுபவர்" என்று ஒரு பக்கம் நிரப்பி மனைவியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "பேர மாத்தினா இத என்ட தம்பிக்கும் குடுக்கலாமே" என்றாள். மச்சானை எனக்கு நன்றாகத் தெரியும். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது தரம் இரண்டே விஷயம் எழுதினேன். கடைச் சாவி அவனிடம்தான் இருந்தது. குருமண்வெளிப் பாதையில் (ஆட்களை ஏற்றி இறக்கும் படகு) வாவியைக் கடந்து வந்து எட்டு மணிக்குத் திறப்பான். மாரி வெள்ளத்தில் பாதை ஓடாத நாட்களில் ஏழு மணிக்கு முதலே போன் வந்துவிடும். மற்றது, ஒருநாள் பில்லில் இரண்டு பக்கெட் சீமெந்தை எழுதாமல் விட்டுவிட்டான். பின்னேரம் நான் கணக்குப் பார்க்க முதலே தானாக வந்து சொன்னான். சைக்கிளில் ஓந்தாச்சிமடம் போய்க் காசையும் வாங்கி வந்தான். அவன் விட்ட பிழையை எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன், அப்புறம் எழுதினேன். களஞ்சியத்துக்கு ஆள் தேடுகிறவர் இதைத்தானே பார்ப்பார்!

மற்றதெல்லாம் சின்ன வேலை. எத்தனை வருடமாக, எந்த முறையில் தெரியும் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அவருடைய முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, உங்கள் ஒப்பம், போன் இலக்கம். விளம்பரத்தில் "உறவினர் அல்லாதவர்" என்று இருந்தால் மாமா, சித்தப்பா எழுதுவது சரிவராது.

போன் இலக்கம் கொடுத்தால் அழைப்பும் வரும், கவனம். ஒருமுறை முகதாட்சண்யத்துக்காக, அவ்வளவு பழக்கமில்லாத ஒருவருக்கு எழுதிவிட்டேன். "வேலையில் ஆளோடு சண்டை வந்தால் எப்படி நடந்துகொள்வார்?" என்று அங்கிருந்து கேட்டார்கள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் அப்படி யாராவது வந்தால், "உன்னப் படிப்பிச்ச சேரிட்டக் கேள் மனே" என்று அனுப்பிவிடுகிறேன்.