நீல ரிப்பன் கிடைக்காத பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

ரங்கூன் கான்வென்ட் பள்ளிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மோல்மேனிலிருந்து போய் ரங்கூனில் போர்டிங்கில் தங்கிப் படித்தவர். நாங்கள் இந்துக் குடும்பம். ஆனாலும் டிசம்பர் 8 வந்தால் "இன்னிக்கு மாதா திருநாள்" என்று சொல்லி ஏதாவது இனிப்பு செய்துவிடுவார். தீபாவளிக்குக்கூட வீட்டுக்கு அனுப்பாத பள்ளியின் திருநாளை இத்தனை வருஷம் கழித்தும் ஏன் கொண்டாட வேண்டும்? சின்ன வயதில் திணித்தது ஒட்டிக்கொண்டதா?

ஒரு வாசகி, மோல்மேன்

அன்புள்ள சகோதரிக்கு,

போர்டிங்கில் மற்ற நாட்கள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் அங்கே திருநாள் என்னவாக இருந்தது என்பது புரியும். என் அத்தையும் ரங்கூனில் ஒரு கான்வென்ட் போர்டிங்கில் வளர்ந்தவர்தான். எழுந்திருக்க மணி, பூசைக்கு மணி, படிக்க மணி, படுக்க மணி. சாப்பாட்டு அறையில் பேசக்கூடாது. ஒரு பிள்ளை நின்றுகொண்டு புனிதர் வரலாறு வாசிக்கும், மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். திருநாளன்று மட்டும் மதர் உள்ளே வந்து கைமணியைத் தட்டி "தேயோ கிராத்சியாஸ்" (லத்தீனில் 'இறைவனுக்கு நன்றி') என்பார். அவ்வளவுதான், பேசலாம்! வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவந்து பெஞ்சில் உட்காரும். கறிச்சோறும் கேக்கும் அப்புறம்தான். அத்தைக்கு நினைவில் நின்றது முதலில் எழுந்த அந்தச் சத்தம். அந்தச் சந்தோஷத்துக்கு ஞானஸ்நானம் பெற்றிருக்கத் தேவையில்லை. எந்த மதத்துப் பிள்ளைக்கும் வாய் ஒன்றுதான்.

டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள். 1854-இல் அதே தேதியில்தான் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் அமல உற்பவத்தை, அதாவது மாதா பாவ மாசில்லாமல் கருவானார் என்பதை, விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். உலகம் முழுக்கக் கன்னியர் மடத்துப் பள்ளிகளில் அது பெரிய நாள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால், போர்டிங்குக்கென்று இருந்த திருநாள் இதுதான் என்பார் அத்தை. கத்தோலிக்கப் பிள்ளைகளின் பக்திச் சங்கமான மாதா சபையில் சேரும் மூத்த பிள்ளைகளுக்கு அன்று நீல ரிப்பனில் கோத்த மெடலைக் கழுத்தில் போடுவார்கள்.

அந்த ரிப்பன் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்திருக்காது. என் அத்தையின் தோழிகளில் இந்துப் பிள்ளைகளுக்கும் பௌத்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் கை படாமல் அந்தத் திருநாள் நடந்ததே இல்லை. வெள்ளைக் கவுன்களுக்குக் கஞ்சி போடுவது, முக்காட்டுத் துணியை இஸ்திரி போடுவது, பீட மலருக்குக் காம்பு கிள்ளுவது, காகிதத் தோரணம் வெட்டுவது எல்லாம் எல்லோருக்கும் பொதுவான வேலை. பூசையில் வழங்கும் அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாகப் போற்றும் தேவநற்கருணைத் திருநாள் மே கடைசிக்கும் ஜூன் நான்காம் வாரத்துக்கும் நடுவில் வரும். ரங்கூனில் அப்போது மழை பிடித்துவிட்டிருக்கும். தோட்டத்தில் போக வேண்டிய சுற்றுப்பிரகார ஊர்வலம் பல வருஷம் வராந்தாவிலேயே போகும். சின்னப் பிள்ளைகள் கூடையிலிருந்து இதழை எடுத்து முத்தமிட்டுத் தூவிக்கொண்டே நடக்க, கூடை காலியானவர்களுக்குத் தூணோரம் நிற்கும் பிள்ளைகள் இதழை அள்ளி நிரப்பிவிடுவார்கள். தூணோரம் நின்றவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். உங்கள் அம்மா எந்தப் பக்கம் நின்றார் என்று எனக்கு அறிய ஆசை.

அதனால் அது திணிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. தன் உழைப்பு கலந்த திருநாளை யாரும் அடுத்தவருடையது என்று நினைப்பதில்லை.

தீபாவளி விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். அக்டோபரில் சிற்றாலயத்தில் தினமும் ஜெபமாலை, மதில் வெளியே ஊர் முழுக்க தடின்ஜுட் என்னும் பர்மிய பௌத்தர்களின் விளக்குத் திருவிழா, அதற்குச் சற்றுப் பின் தீபாவளி. அன்றைக்கும் அந்தத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழக்கம்போலப் பாடம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் அப்பா கொண்டுவரும் முறுக்கு டின்தான் தீபாவளி. அத்தனை புனிதர்களுக்கு நாள் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு நாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அந்தப் பிள்ளைகளை விட்டிருக்க முடியும். விடாதது குறைதான். அன்பாக நடத்தினார்கள் என்பதற்காக அதை மறைக்கக்கூடாது.

ஆண்பிள்ளைகள் பள்ளியிலும் இதே கதைதான். 1860-இல் தொடங்கிய ரங்கூன் செயின்ட் பால்ஸில் அதை நடத்திய கத்தோலிக்கத் துறவு சபையான லசால் சகோதரர்களின் பெரிய நாள் அவர்கள் சபை நிறுவனரின் திருநாள். அந்தக் காலத்தில் அது மே 15-ஆம் தேதி வரும். அந்தப் பள்ளிக்குப் பிற்பாடு பொட்டட்டாவ் 6-ஆம் எண் அரசுப் பள்ளி என்று பெயர் வந்தது.

1965-இல் பர்மா அரசு தனியார் பள்ளிகளை எடுத்துக்கொண்டதும், சுதந்திரத்துக்குப் பின் வந்த வெளிநாட்டு மிஷனரிகள் அடுத்த வருஷம் நாட்டை விட்டுப் போக வேண்டிவந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் போர்டிங் அழிந்துவிடவில்லை. பங்குக் கோயில்களை ஒட்டிய விடுதிகளில் தங்கி, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள். லூர்து மாதா திருநாளுக்குப் பெகு பகுதியிலுள்ள நியாங்லேபின் போய்ப் பாருங்கள், பிப்ரவரியில் தமிழ்க் குடும்பங்கள் வந்து கூடும் இடம் அது.

கான்வென்ட் பள்ளிகளின் பழைய திருநாட்களோ இப்போது அங்கே படித்தவர்களின் நினைவில் மட்டும்தான். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆகவே இந்த டிசம்பரில் இனிப்போடு நிறுத்தாமல் அம்மாவிடம் கேளுங்கள். அன்று காலை அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? மதிய மேசையில் பக்கத்தில் யார்? என்ன பாட்டு, எந்த மொழியில்? தீபாவளியன்று என்ன செய்தார்? சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் பதிவு செய்துவிடுங்கள். அம்மாவுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் அனுப்புங்கள், அவர் சொன்னபடியே இங்கே வெளியிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.