மினியேச்சர் பெயின்டிங் (சிறு விளையாட்டுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுதல்): வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மே மாத மதியம் மொட்டை மாடியில் வைத்து 28 மி.மீ. அளவு பிளாஸ்டிக் ஓர்க் (கற்பனைக் கதை அரக்கர்) பொம்மைப் படைக்குக் கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்பிரே அடித்தேன். காய்ந்த பிறகு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது. டப்பா மட்டமானதா? – வாசகர், தருமபுரி

பதில்: டப்பாவைக் குறை சொல்ல வேண்டாம், வெயில்தான் காரணம். சூட்டிலும் காற்றிலும் ஸ்பிரே துளிகள் பொம்மையைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து, தூளாகப் போய் ஒட்டுகின்றன. அதிக தூரத்திலிருந்து அடித்தாலும் இதே கதிதான்.

நம் ஊர்க் கோடையில் காலை ஏழு மணிக்குள், காற்று அடங்கியிருக்கும்போது, நிழலில் அடியுங்கள். உள்ளே உருளும் குண்டின் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் டப்பாவைக் குலுக்க வேண்டும். 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஓட்டி, மறுபக்கம் தாண்டிய பிறகு விரலை எடுங்கள். நேராக அதன்மேலேயே அழுத்தினால் முகத்தில் பெயின்ட் தேங்கி, கோரைப்பல்லும் கண்ணும் மூடிப்போகும். முதல் பூச்சில் அங்கங்கே பிளாஸ்டிக் தெரிவதுதான் சரி. கால் மணி நேரம் விட்டு இரண்டாவது பூச்சு கொடுங்கள்.

இப்போது கையிலிருக்கும் படையை, ஈரமில்லாத பழைய டூத்பிரஷால் தேய்த்துப் பாருங்கள். மேலோட்டமான தூள் உதிர்ந்துவிடும். உதிராவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். முதலில், பொம்மைப் பாகங்கள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத் துண்டு ஒன்றில் சோதித்துவிடுங்கள். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் மட்டும் கூடவே கூடாது. பொம்மையின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் இளகி, கவசத்தின் வளையமெல்லாம் மழுங்கிவிடும்.

கேள்வி: பொம்மை அங்கியின் மடிப்புகளில் வாஷ் (பள்ளங்களில் நிழல் தர விடும் நீர்த்த பெயின்ட்) காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. – வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: போர்வெல் தண்ணீர் கலந்தீர்களா? ஃபுளோரைடு பற்றியே பேசிப் பழகிய மாவட்டங்கள் நம்முடையவை. ஆனால் இங்கே படிவது கால்சியம், மெக்னீசிய உப்புகள். கறுப்பு பிளாஸ்டிக் மூடியில் உங்கள் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் பல மாதம் வரும். பிரஷை அலசுவதற்கும் கடைசியில் அதையே பயன்படுத்துங்கள்.

வாஷைத் தண்ணீரால் மட்டும் நீர்க்கவிட்டால் நிறம் ஓரத்துக்கு ஓடிக் கறையாக நிற்கும். பாதிக்குப் பாதி மேட் மீடியம் (நிறமில்லாத, பளபளப்பற்ற பெயின்ட் கலவை) சேருங்கள். மடிப்பில் தேங்கியதை, அது ஈரமாக இருக்கும்போதே, பிழிந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 3டி பிரின்டரில் ரெசினில் (ஒளி பட்டால் இறுகும் திரவ பிளாஸ்டிக்) எடுத்த ரோபோவுக்கு பிரைமர் அடித்தேன், நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. – வாசகர், ஓசூர்

பதில்: கழுவாத ரெசின் மேலே நிற்கிறது, அல்லது உள்ளிருந்து கசிகிறது. ஆல்கஹாலில் இருமுறை, இரண்டாவது முறை புதிய ஆல்கஹாலில், கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ திருப்பித் திருப்பி வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் பிசுபிசுப்பு அப்படியே இறுகிவிடும். குடைவான பொம்மை என்றால் வடிதுளை அவசியம், உள்ளேயும் அலச வேண்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றுவது பெரிய தவறு. மூடிய கண்ணாடிப் பாட்டிலில் வெயிலில் வைத்தால் ரெசின் கட்டியாகும், வடிகட்டிப் பிரித்துவிடலாம்.

கேள்வி: அன்னியக் கிரகத் தரைக்கு கிரானைட் பட்டறைத் தூள் சரிவருமா? – வாசகர், பர்கூர்

பதில்: நன்றாகவே வரும். மாவு மாதிரியான தூள் வேண்டாம், அது நுரையீரலுக்குக் கேடு, பார்வைக்கும் சேறாகத் தெரியும். முகக்கவசம் போட்டு, டீ வடிகட்டியில் சலித்து, மேலே தங்கும் குருணையை மட்டும் அலசிக் காயவையுங்கள். பொம்மை நிற்கும் 32 மி.மீ. பேஸில் ஃபெவிகால் தடவிக் கொட்டி, ஒரு நாள் கழித்து, சம அளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் டிரை பிரஷ் (பெயின்டைத் துடைத்தெடுத்த பிரஷால் மேடுகளில் மட்டும் தடவுவது) பண்ணும்போது குருணை பெயர்ந்து வரும். கல்லின் நிறத்தை அப்படியே விடாமல் பெயின்ட் அடியுங்கள். இவ்வளவு சிறிய அளவில் அசல் கல் வெறும் சாம்பலாகத்தான் தெரியும். அடர் ஊதா அடித்தளத்தின் மேல் வெளிர் ஆரஞ்சு டிரை பிரஷ் எங்கள் சிபாரிசு.

கேள்வி: எத்தனை பிரஷ் வாங்க வேண்டும்? – வாசகர், அரூர்

பதில்: நல்ல நுனியுள்ள 1 அல்லது 2 எண் பிரஷ் ஒன்று, டிரை பிரஷுக்குத் தேய்ந்த மேக்கப் பிரஷ் ஒன்று. கண் வரைய 000 எண் தேவையில்லை, அதில் பெயின்ட் வழியிலேயே காய்ந்துவிடும்.